மறுத்துண்ணும் உரிமை

சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் ஆசிரியர்களுக்கென ஓர் உடல்நலச் சொற்பொழிவு நடைபெற்றது. பேச வந்தவர் தன்முன்னேற்றப் பேச்சாளர். உடல் எடையைக் குறைப்பதற்கும் சர்க்கரையை விடுவதற்கும் தேவையான ஒரே பொருள் ஊக்கம் என்றும், அது ஒவ்வொருவர் உள்ளத்திலும் உறங்கிக்கொண்டிருக்கிறது என்றும், அதைத் தட்டி எழுப்புவதே தம் பணி என்றும் ஒன்றரை மணி நேரம் பேசினார். கேள்வி நேரத்தில் கணிதத்துறை நண்பர் எழுந்து, ஜனவரி முதல் தேதி வருகிற ஊக்கம் பொங்கலோடு போய்விடுகிறதே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டார். அவை சிரித்தது. பேச்சாளரும் சிரித்துக்கொண்டே, தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஐந்து நிமிடம் தமக்குத் தாமே உறுதி கூறிக்கொள்ளும்படி விடை சொன்னார். கூட்டம் முடிந்தது. வெளியே தாழ்வாரத்தில் ஜாங்கிரியும் மிக்சரும் தேநீரும் காத்திருந்தன.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் சர்க்கரை போடாமல் ஒன்று கேட்டேன். எல்லோருக்குமாகச் சேர்த்துக் கலந்தே கொண்டுவந்திருந்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங் சார், சுகருங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது உண்மையான இரக்கம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரப் பேச்சில் தொடப்படாத விஷயம் அந்த ஒற்றைக் கேள்வியில் முழுமையாக அடங்கியிருந்தது.

என் தரப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர்களுக்கு ஊக்கத்தில் பஞ்சம் ஏதுமில்லை. நான்கு மணிக்கு எழுந்து தறி ஓட்டுகிறவர்களும், கடன் வாங்கி மகளை மருத்துவம் படிக்கவைப்பவர்களும், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் நிறைந்த மண் இது. இவர்களிடம் போய் மனவுறுதி இல்லை என்று சொல்வது அபத்தம். இங்கே இல்லாதது வேறொன்று: இனிப்பை மரியாதையாக மறுப்பதற்கு ஒரு வழி. கொங்கு நாட்டில் இன்று இனிப்பை மறுக்கும் உரிமை நோயாளிக்கு மட்டுமே வழங்கப்பட்டிருக்கிறது. நோய் வராத ஒருவன் மறுத்தால் அவன் திமிர் பிடித்தவன், அல்லது கஞ்சன், அல்லது நோயை மறைக்கிறவன். ஆகவே மக்கள் நோய் வரும்வரை காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்புக்கு நாம் இட்டிருக்கும் நாகரிகமான பெயர்தான் 'ஊக்கம் வரவில்லை' என்பது.

*

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நம் ஊர்ப் பக்கத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கவும். ஒரு வீட்டுக்குப் போகிறோம். தண்ணீர் வருகிறது. வேண்டாம் என்று சொல்வதற்குள் காப்பி வருகிறது. காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே தட்டில் மைசூர்பாவும் முறுக்கும் வந்துவிடுகின்றன. "என்ற கையில செஞ்சதுங்க, ஒரு வாய்தானே" என்று அந்த வீட்டு அம்மா சொல்லும்போது அந்த ஒரு வாய் உணவுப் பண்டமாக இருப்பதில்லை. அது உறவு. அதை ஒதுக்கினால் அவரை ஒதுக்கியதாகிவிடும். அடுத்த வீட்டிலும் இதே. கல்யாணப் பந்தியில் நாம் உட்காரும் முன்பே இலையில் இனிப்பு உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்தபடியே விட்டு இலையை மடித்தால் பெண் வீட்டார் கண்ணில் படும். அடுத்த சீருக்குப் போகும்போது காதிலும் விழும்.

இந்த நிலையில் சர்க்கரை இல்லாத தேநீரைக் கேட்கும் ஒருவனுக்குச் சமூகம் தரும் ஒரே அனுமதிச்சீட்டு இரத்தப் பரிசோதனை அறிக்கை. 'எனக்குச் சுகருங்க' என்ற இரண்டு சொற்களுக்கு இருக்கும் மந்திர ஆற்றல் வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. அதைச் சொன்ன மாத்திரத்தில் வற்புறுத்தல் நின்றுவிடுகிறது. நாம் எல்லோரும் அந்த மந்திரத்தை ஏதோ ஒரு தருணத்தில் பொய்யாகவாவது உச்சரித்திருக்கிறோம்.

சொல்லின் வரலாற்றையும் கவனிக்க வேண்டும். வடமொழியில் சர்க்கரா என்றால் சரளைக்கல். கல்போலக் கட்டியாக இருந்ததால் இனிப்புக்கு அப்பெயர். அந்தச் சொல் அரபு நாடுகளின் வழியாக ஐரோப்பா சென்று ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. அதே சுகர் திரும்பி வந்து நம் வீடுகளில் நோயின் பெயராக நிலைத்துவிட்டது. 'நீரிழிவு' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருந்தும், மருத்துவமனைப் பலகைக்கு வெளியே அது வழங்குவதில்லை. சர்க்கரை கொடுப்பது விருந்தோம்பல். சர்க்கரை வருவது நோய். ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிக்கொண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதுபோல வாழ்ந்துவருகிறோம்.

*

என் சொந்தக் கதையை இங்கே சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. மூன்றாண்டுகளுக்கு முன் என் எடை 88 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.1 என்று அறிக்கை வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோட்டு நிலை என்றும், இன்னும் நோயில்லை என்றும் மருத்துவர் சொன்னார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு முதலில் வந்தது அச்சமன்று, நிம்மதி. இனிமேல் மறுக்கலாம், கேட்டால் தாளைக் காட்டலாம். அந்த நிம்மதியைப் பற்றிப் பிறகு யோசித்தபோதுதான் எனக்கு வெட்கம் வந்தது. நாற்பது வயதைக் கடந்த, பாடம் சொல்லிப் பிழைக்கிற ஒருவனுக்கு 'வேண்டாம்' என்ற எளிய சொல்லைச் சொல்ல ஓர் ஆய்வகத்தின் முத்திரை தேவைப்பட்டிருக்கிறது.

பத்து மாதம் நடந்தேன். தேநீரிலும் காப்பியிலும் சர்க்கரையை நிறுத்தினேன். அளவு 5.6 ஆயிற்று. எடை ஏழு கிலோ குறைந்தது. அதை வீட்டில் சொன்னது என் பிழை. அடுத்த வாரம் உறவினர் வீட்டுக் காதணி விழாவில் என் முன்னால் வைக்கப்பட்ட ஒப்பிட்டை நான் ஒதுக்கியபோது பெரியம்மா ஒருவர் சொன்னார்: "அதான் சரியாயிருச்சாமே சாமி, இன்னும் என்ன? சாப்புடு." நோய் நெருங்கியபோது கிடைத்த உரிமை, நோய் விலகியதும் பறிக்கப்பட்டுவிட்டது. நான் அந்த ஒப்பிட்டைத் தின்றேன். அதற்குப் பிறகு வந்த ஆறு மாதங்களில் நான் தின்றவற்றைக் கணக்கெடுத்தால் அதில் ஊக்கக் குறைவால் தின்றது மிகச் சிறிய பங்குதான். மற்றவை எல்லாம் யாரையும் புண்படுத்தக் கூடாதென்று தின்றவை. எடையில் நான்கு கிலோ திரும்பி வந்தது.

*

மனவுறுதிதான் அடிப்படை, மற்றதெல்லாம் சாக்கு என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்வேன்.

முதலாவது பிரிட்டனில் நடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அங்கே கொண்டுவரப்பட்ட சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில்தான் நீக்கப்பட்டது. பங்கீடு நீங்குவதற்குச் சற்று முன்பும் பின்பும் கருவுற்றுப் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. கருவிலும் பிறந்த முதலிரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும், இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடும் குறைந்திருந்தன. கருவிலிருந்த குழந்தை எந்தக் கண்ணாடி முன் நின்று உறுதி கூறிக்கொண்டது? அதைச் சுற்றியிருந்த வீட்டில் சர்க்கரை குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது நம் சென்னையிலேயே நடந்தது. மருத்துவர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள் போனார்கள். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்துகொள்ளும்படி தொடர்ந்து அறிவுறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேர். இதில் நான் மிகவும் மதிக்கும் உண்மை ஒன்றுண்டு: அந்த இரண்டாம் தொகுதியினரின் எடை குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. எடைக்கருவி காட்டாத நன்மையை உடல் பெற்றுக்கொண்டிருந்தது. எடைக்கருவியின் முள்ளைப் பார்த்துச் சோர்ந்து, 'ஊக்கம் போய்விட்டது' என்று பாதியில் விடுகிறவர்கள் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். அந்த மனிதர்களுக்குக் கிடைத்தது எழுச்சியுரை அன்று. யாரோ ஒருவர் விடாமல் தொடர்புகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. 13.6 கோடிப் பேருக்கும் ஒரே நேரத்தில் மனவுறுதி தளர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

*

இனி நம் ஊருக்கே உரிய சாக்குக்கு வருகிறேன். வெள்ளைச் சர்க்கரை நஞ்சு, நாட்டுச்சர்க்கரை மருந்து என்ற பேச்சு கடந்த சில ஆண்டுகளில் கோவையில் ஒரு சமயம்போல வளர்ந்திருக்கிறது. நாட்டுச்சர்க்கரைக் காப்பிக்கென்றே கடைகள் இருக்கின்றன. படித்தவர்கள், அதிலும் தமிழ் படித்தவர்கள், இதன் முதன்மை அடியார்கள். மரபு, மண், பாட்டி என்று மூன்று சொற்களைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு வேதியியல் பேசுவது துரோகமாகிவிடுகிறது.

வேதியியல் எளிமையானது. ஆலையில் வரும் வெள்ளைச் சர்க்கரை அநேகமாக முழுவதும் சுக்ரோஸ். நாட்டுச்சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். கூடவே சிறிது குளுக்கோஸ், பிரக்டோஸ், ஈரம், கொஞ்சம் தாதுக்கள். கருப்பட்டியின் கதையும் பெரிதாக வேறன்று. தாதுக்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றின் பொருட்டு வெல்லம் தின்பது, இரும்புச்சத்துக்காக ஆணியை நக்குவதற்கு ஒப்பாகும். ஒரு பிடி முருங்கைக்கீரை போதும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்றது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5 விழுக்காடு 25 கிராம். மூன்று வேளைத் தேநீரில் இரண்டிரண்டு கரண்டி போட்டாலே அந்த எல்லை கடந்துவிடும். கரண்டியில் இருப்பது வெள்ளையா பழுப்பா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. தேனையும் அது விட்டுவைக்கவில்லை.

இதை நான் எங்கோ நின்று சொல்லவில்லை. என் தந்தையார் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு வைத்தவர். எங்கள் தோட்டத்திலேயே ஆலை ஆட்டினோம். கொப்பரையில் பாகு திரளும் நேரத்தில் எழும் வாசனை இன்றும் எனக்குக் கனவில் வரும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் பகுதிச் சர்க்கரை போகிறது என்பதில் அவருக்கிருந்த பெருமை எனக்கும் உண்டு. ஐம்பத்திரண்டாம் வயதில் நீரிழிவு என்று தெரிந்ததும் அவர் அஸ்காவை அன்றே விட்டார். அவருடைய மனவுறுதிக்கு அதுவே சான்று. விட்ட இடத்தில் நாட்டுச்சர்க்கரையை வைத்துக்கொண்டார். "நம்ம ஆலைச் சக்கரை ஒண்ணும் பண்ணாது கண்ணு" என்பார். பதினோரு ஆண்டுகள் அப்படியே குடித்தார். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சர்க்கரை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். செருப்பில்லாமல் வரப்பில் நடந்தார், மாத்திரைகளை மறந்தார். ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளும் தாம் சர்க்கரையை விட்டுவிட்டதாகவே அவர் உளமார நம்பினார். நாட்டுச்சர்க்கரையை மருந்தென்று மேடையேறிப் பேசுகிற ஒவ்வொருவரையும் அந்தக் காலைத் துடைத்துக் கட்டுப்போட ஒரு நாள் அழைத்துச் சென்றிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பெருமையைப் பற்றியும் ஒரு சொல். கரும்பு விஷயத்தில் கொங்கு மண்ணுக்குப் பெருமைப்பட உரிமை உண்டு. தகடூர் அதியமானின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றின் 99, 392ஆம் பாடல்கள் கூறுகின்றன. 1912இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்போடு காட்டுப்புல் வகையான பேய்க்கரும்பைக் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற இரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குச் சென்றது. அதன்பின் கோயமுத்தூரின் முதலிரண்டு எழுத்துகளைத் தாங்கிய கரும்பினங்கள் பல நாடுகளில் பயிராயின. உலகின் நாவை இனிக்கச் செய்ததில் இந்த ஊருக்குப் பங்குண்டு. அதே ஊர், இனிப்பை எப்போது நிறுத்துவது என்பதையும் கற்றுத் தரலாம் என்றே கேட்கிறேன்.

*

பண்பாட்டைக் காட்டி என்னை மறுக்கக்கூடியவர்களோடு பண்பாட்டின் களத்திலேயே பேசத் தயாராக இருக்கிறேன். நம் கல்யாண மண்டபங்களின் வாசலில் விருந்தோம்பல் அதிகாரத்துக் குறள் எழுதப்படாத பலகை அரிது. அதே வள்ளுவர் மருந்து என்றோர் அதிகாரம் செய்திருக்கிறார். அதை யாரும் பந்திக்கூடத்தில் எழுதிவைத்து நான் கண்டதில்லை. பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. பெரும்பகுதி உண்பதைப் பற்றியே பேசுகிறது: முன்பு உண்டது செரித்ததா, பசி உண்மையா, அளவு எவ்வளவு. 945ஆம் குறளில் மறுத்துண்ணல் என்ற சொல்லையே ஆள்கிறார். உடலுக்கு ஒத்த உணவாக இருந்தாலும் அளவு மீறாமல் மறுத்து உண்ண வேண்டும் என்பது அதன் கருத்து. அவர் அதை நோயாளிக்கு மட்டும் சொல்லவில்லை. மறுத்தல் அங்கே அறிவுடைய உண்பவனின் இயல்பான செயலாக நிற்கிறது. விருந்தோம்பலையும் மறுத்துண்ணலையும் ஒரே நூலில் ஒருவரே சொல்லியிருக்கும்போது, ஒன்றை மட்டும் பலகையில் ஏற்றியவர்கள் நாம்தாம்.

பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன் நினைவுக்கு வருகிறான். இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுப்போலப் பல் தேய்ந்து, உணவையே வெறுத்து, ஒருநாள் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறான். கரிகாலன் சினந்தவன்போல் பார்க்கிறான். பின் பரிசில் தந்து விடுகிறான். சினந்தவன்போல் என்பதுதான் நுட்பம். விருந்தினனின் மறுப்பை அவமதிப்பாகக் கொள்ளாத பெருந்தன்மை, சோழ வேந்தனுக்கு இருந்தது. நம் வீட்டு வரவேற்பறைகளில் அது இல்லை.

அதியமான் ஔவைக்குக் கொடுத்ததையும் நினைக்கலாம். கரும்பைக் கொண்டுவந்த குடியில் பிறந்தவன், தான் மிகவும் மதித்த விருந்தினருக்குத் தேடித் தந்தது நெல்லிக்கனி. துவர்க்கும், புளிக்கும். தருபவனின் அன்பு அதன் இனிப்பில் இல்லை. அவர் நெடுநாள் வாழட்டும் என்ற எண்ணத்தில் இருந்தது.

*

பொங்கலுக்குச் சர்க்கரைப்பொங்கல் கூடாதா, தீபாவளிக்குப் பலகாரம் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. நம் பாட்டிமார் களியும் கம்மஞ்சோறும் உண்டு, கச்சாயமும் எள்ளுருண்டையும் நோன்பு நொடிக்கென்று வைத்துக்கொண்டவர்கள். இன்று ஒவ்வொரு நாளும் நோன்பாகிவிட்டது. ஒவ்வொரு கூட்டமும், ஒவ்வொரு பிரிவுபசாரமும், பேக்கரி வாசலில் நின்று குடிக்கும் ஒவ்வொரு தேநீரும். பாட்டியின் சர்க்கரையை எடுத்துக்கொண்டவர்கள் பாட்டியின் நாட்காட்டியையும் எடுத்துக்கொள்ளட்டும். கரும்பு வைக்கும் உழவர் என்ன ஆவார் என்ற கேள்வியை, அவர் மகன் என்ற முறையில் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அவருக்கு நியாயமான விலையும் மாற்றுப் பயிருக்கு உதவியும் தரவேண்டியது அரசின் கடமை. அதை நம் கணையத்தால் ஈடுகட்ட முடியாது.

நான் கேட்பவை மிகச் சிறியவை. கூட்டங்களில் தேநீரைச் சர்க்கரை கலக்காமல் கொண்டுவந்து, சர்க்கரையைத் தனியே வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். பந்தியில் இனிப்பை இலையில் முன்கூட்டியே வைக்காமல், மற்றவற்றைப்போலக் கேட்டுப் பரிமாறுங்கள். வீட்டுக்கு வருபவரிடம் 'சர்க்கரை எத்தனை கரண்டி' என்று கேட்பதற்கு முன் 'சர்க்கரை போடட்டுங்களா' என்று கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். குறிப்பாக, சுகரா என்று கேட்காதீர்கள்.

மறுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நோயின் பெயரைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். அந்தப் பொய் ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும், நோயில்லாதவன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் இன்னும் ஒரு சுற்று இறுகுகிறது.

தாழ்வாரத்தில் தேநீர் ஊற்றிய அந்த நண்பருக்கு அன்று நான் சொன்ன விடையை இங்கே பதிவுசெய்கிறேன். "இல்லீங்க, சுகரெல்லாம் இல்லீங்க. வேண்டாம், அவ்வளவுதான்." அவர் சிறிது நேரம் குழம்பி நின்றார். பிறகு உள்ளே போய், வெறும் பாலும் டிக்காஷனும் கலந்து ஒரு கோப்பை கொண்டுவந்தார். அதைப் பார்த்து என் பின்னால் நின்ற கணிதத்துறை நண்பர், "எனக்கும் ஒண்ணு அப்படியே குடுங்க" என்றார்.